48 என்று எழுதிய பேட்டரி எவ்வளவு நேரம் ஓடும்?

கீரிப்பாறையில் காலை ஒன்பதரை மணிக்குச் சாயாக்கடை நிறைந்துவிடும். இருட்டோடு எழுந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், பால்வெட்டை முடித்துவிட்டு, சிரட்டை நிறையும்வரை வந்து உட்காரும் நேரம் அது. அப்படி ஒரு காலையில் பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் தன் கைபேசியை என் பக்கம் நீட்டினார். திரையில் பேட்டரியில் ஓடும் பால்வெட்டுக் கத்திகள் இரண்டு. ஒன்றில் 21 வோல்ட் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 48.

"தம்பி, 48 போட்டிருக்கதுதான் கூடுதல் நேரம் ஓடும், இல்லியா?"

"அத மட்டும் வச்சுச் சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. சாயா ஆறும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. துளை போடும் டிரில், புல்வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் வாள் என்று பேட்டரிக் கருவி எதை வாங்கப் போனாலும் இதே கேள்வி உங்களுக்கும் வரும். அதனால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், வோல்ட் என்றால் என்ன? மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவுதான் வோல்ட். நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு இதைப் புரியவைப்பது எளிது. மழைக்காலத்தில் தினமும் நாளிதழில் அணைகளின் நீர்மட்டம் பார்க்கிறோமே, பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு இத்தனை அடி என்று? அந்த அடிக்கணக்கு மாதிரி. பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி. பெருஞ்சாணி நிறைந்தால் 77 அடி. அப்படியானால் பெருஞ்சாணியில்தான் அதிகத் தண்ணீரா? இல்லை. 48 அடியுள்ள பேச்சிப்பாறைதான் கூடுதல் கொள்ளும். அதன் பரப்பு பெரியது. அடியைப் பார்த்தால் உயரம் தெரியும். எத்தனை பூவுக்குப் பாயும் என்று அதிலிருந்து மட்டும் சொல்ல முடியாது.

அப்போது பேட்டரியில் 'எவ்வளவு தண்ணீர்' என்பதைச் சொல்லும் எண் எது? அதுதான் ஆம்பியர்-மணி (எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு). கடையில் இதை 'ஏஎச்' என்பார்கள். 5 ஏஎச் என்றால் 5 ஆம்பியர் ஓட்டத்தை ஒரு மணி நேரமோ, 1 ஆம்பியர் ஓட்டத்தை ஐந்து மணி நேரமோ தரும்.

இந்த இரண்டு எண்ணையும் பெருக்கினால் கிடைப்பது வாட்-மணி (பேட்டரியில் சேர்த்து வைத்திருக்கும் மொத்த ஆற்றல்). 18 வோல்ட், 5 ஏஎச் பேட்டரியில் 90 வாட்-மணி இருக்கிறது. வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. கோதையாறு மின்நிலையத்திலும் இதே பெருக்கல்தான். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் அங்கே கரண்டு.

ஓடும் நேரம் தெரிய வேண்டுமானால் இந்த வாட்-மணியைக் கருவி இழுக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. உங்கள் வீட்டில் தோளில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர் இருந்தால் அதன் அடிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஏஎச் ஈய-அமில பேட்டரி (பைக் பேட்டரி வகை) இருக்கும். பெருக்கினால் 96 வாட்-மணி. 18 வோல்ட் டிரில்லின் பெரிய பேட்டரியைவிட வோல்ட் குறைந்த இந்த ஸ்பிரேயர் பேட்டரியில் ஆற்றல் ஒரு பிடி கூடுதல். எடைதான் நாலு மடங்கு வரும்.

அப்படியானால் 'வோல்ட் கூடினால் ஓட்டம் கூடும்' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1961இல் அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வயரில்லாத டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்தது நிக்கல்-காட்மியம் செல் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனிக் குப்பிக்குச் செல் என்று பெயர்). அந்த வகைச் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட். பின்னாளில் 7.2 வோல்ட் டிரில்லில் ஆறு செல், 9.6இல் எட்டு, 12இல் பத்து, 18இல் பதினைந்து. செல்லின் அளவு ஏறக்குறைய ஒன்றேதான், எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. வோல்ட் கூடுகிறது என்றால் செல் கூடுகிறது, ஆற்றலும் கூடுகிறது. அந்தக் காலத்து ஆசாரி வோல்ட்டைப் பார்த்து வாங்கியது சரியான வழிதான்.

லித்தியம் வந்தபிறகுதான் அந்தக் கணக்கு உடைந்தது. லித்தியம்-அயன் பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் முதலில் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. 2005க்குப் பிறகு அது கைக்கருவிகளுக்குள் வேகமாக நுழைந்தது. ஒரு லித்தியம் செல்லுக்கு 3.6 வோல்ட். ஐந்தைச் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 18. அதே 18 வோல்ட்டில் இரண்டு சங்கிலியைப் பக்கவாட்டில் சேர்த்துப் பத்துச் செல்லும் வைக்கலாம், மூன்று சங்கிலி வைத்துப் பதினைந்தும் வைக்கலாம். வெளியே எழுதியிருக்கும் வோல்ட் மாறாது, உள்ளேயிருக்கும் சரக்கு மட்டும் மூன்று மடங்காகிவிடும். ஒரே 18 வோல்ட் கருவிக்கு 2 ஏஎச், 4 ஏஎச், 6 ஏஎச் என்று தனித்தனியாகப் பேட்டரி விற்பது இதனால்தான்.

சரி, 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று விதமாகப் போட்டிருக்கிறார்களே, மூன்றும் வேறா? பெரும்பாலும் ஒன்றே. லித்தியம் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். ஐந்து செல்லுக்கு 21. ஓடத் தொடங்கியதும் மெல்ல இறங்கி, நெடுநேரம் 18ஐ ஒட்டி நிற்கும். கடைசியில் 15 பக்கம் போய்க் கருவி தானாக நின்றுவிடும். சராசரியைப் போடுகிறவர் 18 என்கிறார், உச்சத்தைப் போடுகிறவர் 20 அல்லது 21 என்கிறார். அதே கணக்கில் 12 வோல்ட் என்று விற்கும் சின்ன டிரில்லில் மூன்று செல், உண்மைச் சராசரி 10.8. நாற்பது வோல்ட் என்பதும் முப்பத்தாறு வோல்ட் என்பதும் பத்துச் செல். ஆற்றலைப் பெருக்கும்போது சராசரி வோல்ட்டையே எடுங்கள். 21ஆல் பெருக்கினால் இல்லாத சரக்கைக் கணக்கில் சேர்ப்பீர்கள்.

அந்த 48 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். நாகர்கோவிலில் தெருவோரக் கடை ஒன்றில், பெட்டி முழுக்க 48 என்று பெரிதாக அச்சிட்ட டிரில் ஒன்று வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், அந்தப் பெயரில் கம்பெனி இருக்கிறதா என்பதே சந்தேகம். வீட்டில் முழுச் சார்ஜ் செய்து மீட்டர் வைத்தால் 20.6 வோல்ட். நாலு திருகைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஐந்தே ஐந்து செல். இந்த வகைப் பேட்டரிகளில் 48, 88, 128 என்ற எண்ணுக்குப் பின்னால் 'விஎஃப்' என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மாடல் பெயர் என்பார்கள். வாங்குகிறவர் வோல்ட் என்று வாசித்துக்கொள்வார், அதுதான் அவர்களுக்கு வேண்டியதும். பெரியவர் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அங்கேயும் அந்த 'எஃப்' இருந்தது.

பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்க வழியில்லையா? இருக்கிறது, தராசு. கருவிகளில் பரவலாக வரும் செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. ஒன்றின் எடை 45 கிராமுக்கு மேல். ஐந்து செல் என்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பத்து என்றால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டின் பிளாஸ்டிக் எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவுச் செல்லில் நல்ல சரக்கே 2 முதல் 3.5 ஏஎச்தான் கொள்ளும். கருவிக்கு ஏற்ற, வேகமாக மின்சாரம் தரும் வகை பெரும்பாலும் 2 அல்லது 2.5. அதைவிடக் கொஞ்சம் பருத்த 21 மில்லிமீட்டர் செல் சாதாரணமாக 4 முதல் 5 ஏஎச். ஆகவே 10 ஏஎச் என்று எழுதிய பேட்டரி முந்நூறு கிராம் மட்டும் இருந்தால் அது பொய். ரப்பர் ஷீட்டை நிறுத்து வாங்குகிற ஊரில் பேட்டரியையும் நிறுத்து வாங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி பால்வெட்டுக்கு வருவோம். பேட்டரிக் கத்தியைச் சீனாவின் ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிப் பரப்பினார்கள். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று முன்னமே வைத்துக்கொள்ளலாம், கை பழகாதவர் வெட்டினாலும் மரம் காயப்படுவது குறையும் என்பது அதன் பின்னாலிருக்கும் யோசனை. பல ஆண்டு பழகிய கைக்கு அது தேவையா என்பது வேறு பேச்சு. இங்கே கேள்வி பேட்டரி.

ஒரு வெட்டுக்காரருக்கு ஒரு நாள் வெட்டு ஏறக்குறைய 300 மரம். காலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்த நேரம் முழுக்கக் கத்தி ஓடுவதில்லை. ஒட்டுப்பாலை உரிப்பது, சிரட்டையைச் சரிசெய்வது, அடுத்த மரத்துக்கு நடப்பது, இதிலேயே பெரும்பகுதி போய்விடும். மரத்துக்குப் பத்து நொடி கத்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மரத்துக்கு 3000 நொடி, அதாவது 50 நிமிடம். ஓடும்போது சராசரியாக 60 வாட் இழுக்கிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் மொத்தத் தேவை 50 வாட்-மணி.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். ஐந்து செல், 2 ஏஎச் என்றால் 18ஐ 2ஆல் பெருக்க 36 வாட்-மணி. 36 நிமிடம் ஓடும், 216 மரம் முடியும். மிச்சம் 84 மரம் மேட்டில் நிற்கும், சார்ஜர் கீழே வீட்டில் இருக்கும். பத்துச் செல், 4 ஏஎச் பேட்டரியில் 72 வாட்-மணி. 300 மரத்தையும் முடித்துக் கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இரண்டு பேட்டரியிலும் வோல்ட் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கத்தி 60 வாட்டா, 40 வாட்டா, 90 வாட்டா என்பதைக் கருவியின் சீட்டில் பார்த்து அந்த எண்ணை மட்டும் மாற்றிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பது பெரும்பாலும் உச்ச வாட். சராசரி அதைவிடக் குறையும்.

'அப்போ வோல்ட்டால் ஒரு பயனும் இல்லையா? ஏன் 36 வோல்ட், 40 வோல்ட் என்று விலைகூடிய கருவி விற்கிறான்?' இதுதான் நல்ல கேள்வி. பயன் இருக்கிறது, ஆனால் ஓடும் நேரத்தில் அவ்வளவாக இல்லை.

பத்துச் செல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 2.5 ஏஎச். ஐந்து ஐந்தாக இரண்டு சங்கிலி போட்டால் 18 வோல்ட், 5 ஏஎச். பத்தையும் ஒரே சங்கிலியாகக் கோத்தால் 36 வோல்ட், 2.5 ஏஎச். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 90, 90. ஒரே பத்துத் தேங்காயை இரண்டு விதமாக அடுக்கியதுபோல்தான். அடுக்கின உயரம் மாறும், தேங்காய் மாறாது.

ஆனால் புல்வெட்டும் மெஷின் 450 வாட் இழுக்கிறது என்றால் 18 வோல்ட்டில் 25 ஆம்பியர் பாய வேண்டும். 36 வோல்ட்டில் அதில் பாதி, 12.5 போதும். வயரிலும் சுவிட்சிலும் முனைகளிலும் ஏற்படும் சூடு ஆம்பியரின் இருமடிப்படி (அதே எண்ணால் அதைப் பெருக்கிய கணக்குப்படி) ஏறும். ஆம்பியர் பாதியானால் சூடு கால்பங்கு. அந்த வழியில் 18 வோல்ட்டில் 12 வாட் வீணானால் 36இல் 3 வாட்தான் வீணாகும். 450 வாட்டில் 9 வாட் மிச்சம் என்பது நூற்றுக்கு இரண்டு. ஓடும் நேரத்தில் உங்கள் கண்ணுக்கே தெரியாது. மெஷின் செய்கிறவருக்கு அது பெரிய லாபம். மெல்லிய வயர் போதும், சுவிட்ச் தீயாது, பெரிய மோட்டார் வைக்கலாம். கனமான வேலைக்கு, அதாவது மரம் அறுக்க, முள்புதர் வெட்ட, கூடுதல் வோல்ட் கருவி நல்லது. நின்று நிதானமாக ஆணி முடுக்கவும் பலகையில் துளை போடவும் 18 தாராளம். சிலபோது 12கூடப் போதும், கையும் வலிக்காது.

செல்லுக்குள்ளேயும் சூடு உண்டே, அங்கே 36 வோல்ட் மிச்சம் பிடிக்காதா? பிடிக்காது. மேலே சொன்ன இரண்டு அடுக்கிலும் ஒவ்வொரு செல்லும் சுமப்பது அதே 12.5 ஆம்பியர்தான். அதே வகைச் செல்லில், உள்ளே வீணாவதைக் குறைக்க வழி செல்லின் எண்ணிக்கையைக் கூட்டுவது. எழுதப்படாத லாபம் இங்கேதான் இருக்கிறது. ஐந்து செல் பேட்டரியில் அந்த மெஷினை ஓட்டினால் ஒவ்வொரு செல்லும் 25 ஆம்பியரைச் சுமந்து கொதிக்கும், ஐந்தரை நிமிடம்கூடத் தாங்காது. பத்துச் செல்லில் சுமை பாதி, உள்சூடும் மொத்தத்தில் பாதி, ஓட்டம் பதினோரு நிமிடத்தைத் தாண்டும். விலை இரட்டிப்பு என்றால் ஓட்டம் இரட்டிப்புக்கும் மேல். செல்லின் ஆயுளும் நீளும். கனமான வேலைக்குச் சின்னப் பேட்டரி வாங்குவது இருபக்கமும் நட்டம்.

பதினோரு நிமிடம் என்றதும் மனம் சோர்ந்திருக்கும். அதனால் இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் அளவு வெப்ப ஆற்றல் இருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் புகையும் சூடும். அப்படியும் ஒன்றரை யூனிட் வேலை கிடைக்கிறது. 90 வாட்-மணி பேட்டரி ஒன்று தருவது மோட்டார் இழப்பு போக 75 வாட்-மணி வேலை. ஒரு லிட்டருக்கு ஈடாக இருபது பேட்டரி வேண்டும். வீட்டு முற்றம், வழிநடை, பத்துத் தென்னையின் தடம், இதற்குப் பேட்டரி மெஷின் சுகம். சத்தமில்லை, கயிறு இழுக்க வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் ஏக்கர் கணக்கில் காடு வெட்டுகிறவருக்கு இன்றைக்கு அது ஆகாது. விற்கிறவர் எதைச் சொன்னாலும் சரி.

மெஷின் சட்டென்று நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்து அமுக்கினால் மறுபடி ஓடுகிறது, அது என்ன மாயம்? கனத்த சுமையில் செல்லின் வோல்ட் தற்காலிகமாக அமுங்கும். உள்ளேயிருக்கும் காவல் சுற்று (பேட்டரி கெடாமல் பார்க்கும் சிறு அட்டை) அதைச் 'சரக்கு தீர்ந்தது' என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். ஓய்வு கொடுத்தால் வோல்ட் மீண்டு ஏறும். இது அடிக்கடி நடந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மழுங்கிய பிளேடு அதே வேலைக்குக் கூடுதல் வாட் இழுக்கும். பேட்டரி மாற்றப் பணம் தேடுவதற்கு முன்னால் அரம் தேடுவது மேல்.

18 வோல்ட் கருவியில் 36 வோல்ட் பேட்டரி மாட்டினால் பலம் கூடுமா என்று ஒருவர் கேட்டார். மோட்டார் ஒரு முறை மிக நன்றாக ஓடும், பிறகு புகைதான். கூட்டின் பள்ளம் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். ஏஎச் அப்படியல்ல. அதே கம்பெனியின் அதே வோல்ட் பேட்டரி 2 ஏஎச்சுக்குப் பதில் 6 ஏஎச் மாட்டலாம், கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும்.

சார்ஜ் எவ்வளவு நேரம், கரண்டு செலவு எவ்வளவு? 5 ஏஎச் பேட்டரிக்கு 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பெட்டியோடு வரும் சார்ஜர் சிலபோது அரை ஆம்பியர்தான் தரும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாங்கும்போது சார்ஜரின் முதுகையும் படியுங்கள். கரண்டு செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இழப்பைச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டில் ஒன்பது தடவை சார்ஜ் செய்யலாம். மலையடிவாரத்தில் மழை கனத்துக் கரண்டு போகும் நாட்கள்தான் பிரச்சினை. ஒரே பெரிய பேட்டரியைவிட நடுத்தரமானவை இரண்டு வைத்துக்கொள்வது அப்போது கைகொடுக்கும்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் டிரில் கொண்டுவரச் சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. திருவனந்தபுரத்தில் இறங்குமுன்பே சிக்கல் தொடங்கும். விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உள்ள வரம்பு வாட்-மணியில்தான் சொல்லப்படுகிறது. 100 வாட்-மணி வரை பொதுவாகச் சிக்கலில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணியின் பெட்டியில் கிடையாது. தனியாகக் கழற்றிய பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும், முனைகளில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட வேண்டும். 18 வோல்ட் 5 ஏஎச் வந்துவிடும். 36 வோல்ட் 5 ஏஎச் 180 வாட்-மணி, வராது.

ஊரில் வாங்குவதானால் பேட்டரியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கையடக்கக் கருவிகளில் வரும் லித்தியம் பேட்டரிக்கான பாதுகாப்புத் தரம் அது. நல்ல தயாரிப்பில் வாட்-மணியே நேரடியாக அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் பெருக்கும் வேலைகூட மிச்சம்.

கடைசியாக, சும்மா கிடக்கும் மாதங்களைப் பற்றி. தை, மாசியில் ரப்பர் இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும். வெட்டு நின்றுவிடும். கத்தியின் பேட்டரி ஒரு மாதத்துக்கு மேல் மூலையில் கிடக்கும். அப்போது முழுச் சார்ஜில் வைக்காதீர்கள், ஒட்டக் காலியாகவும் வைக்காதீர்கள். பாதிச் சார்ஜில், தகரக் கூரைக்கு அடியில் இல்லாமல், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜும் வெக்கையும் சேர்ந்தால் லித்தியம் செல் பயன்படுத்தாமலே கிழடாகும். ஸ்பிரேயரின் ஈய-அமில பேட்டரிக்கு இதற்கு நேர்மாறு. அதை முழுச் சார்ஜ் செய்து வைத்து, மாதம் ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும். காலியாக விட்டால் செத்துவிடும். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் எது எது என்று பேட்டரியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நான் ஒரு ஸ்பிரேயர் பேட்டரியை இப்படித்தான் இழந்தேன்.

உப்பிப்போன, சூடு தணியாத லித்தியம் பேட்டரியைக் குப்பையிலோ அடுப்பிலோ போடக்கூடாது. 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பவரின் பொறுப்பு. வாங்கிய கடையில் கேளுங்கள்.

சாயாக்கடைப் பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு, பைக்குள் இருந்து ஒரு பேனாவை எடுத்து, பீடிக்கட்டின் தாளில் 300, 10, 60 என்று வரிசையாக எழுதினார். "என் வெட்டு 280 மரம்தான்" என்று முதல் எண்ணை அடித்துத் திருத்தினார். பிறகு, பால் எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.